பகலில் மட்டும் ஓட்டுவேன் என்று சொல்லும் மகனுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு, "யோசிச்சுச் சொல்லுதேன்லே" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். உன் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளை ஆசையாக ஒன்று கேட்கிறான், வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று அன்று முழுக்க முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நீ கார் வாங்குகிற விஷயம் மட்டும்தான் தெரியும். கண் விஷயத்தை நீ என்னிடம் மட்டும் சொன்னாய். போனில் பேசினால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு இப்போது நேர் எதிரே ஒரு ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்குத்தான் பார்வை. கட்டைப் பேனாவை வைத்து, பெரிய பெரிய எழுத்தாக, ஒரு நேரத்தில் நான்கெழுத்து பார்த்துப் பார்த்து எழுதுகிறேன். வரி கோணலாகப் போயிருந்தால் பொறுத்துக்கொள்.

நீ அனுப்பிய இரண்டு படங்களையும் போனை மூக்குக்கு நேரே நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். ஒன்று சின்ன கார். வெளியே பார்த்தால் வாத்தியார் வீட்டு வண்டி மாதிரி அடக்கமாக இருக்கிறது, உள்ளே எஞ்சின் மட்டும் முரட்டு எஞ்சின் என்கிறாய். ஹாட் ஹேட்ச் என்று அதற்குப் பெயர் சொன்னாய். ஐந்து பேர் உட்காரலாம், பின்கதவைத் தூக்கினால் என் பேத்தி பாப்பாவின் சைக்கிள் கூட உள்ளே போகும், முன்சக்கரம் இழுத்துக்கொண்டு ஓடும். இன்னொன்று சிவப்பு நிறத்தில், தரையோடு தரையாக, இரண்டே சீட், கூரையை மடக்கிக்கொள்ளலாம். யாரோ ஆசையாக வைத்திருந்து விற்கிற பழைய வண்டி. பின்சக்கரம் தள்ளுகிற வண்டி. முதல் வண்டி புத்திக்குப் பிடிக்கிறது, இரண்டாவது மனசுக்குப் பிடிக்கிறது, எதை எடுக்கட்டும் அப்பா என்று கேட்டாய். டாக்டர் வண்டி ஓட்டலாம் என்றாரா என்று நான் கேட்டேன். இன்னும் மூன்று நான்கு வருஷம் பகலில் மட்டும் ஆசை தீர ஓட்டிவிட்டு விட்டுவிடுகிறேன் என்றாய். டாக்டர் என்ன சொன்னார் என்பதை நீ சொல்லவே இல்லை.

பின்சக்கர வண்டி மேல் உனக்கு ஏன் இவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். அது நான் போட்ட விதை. அம்பாசமுத்திரம் டாக்ஸி ஸ்டாண்டில் என் அம்பாசடர் நின்ற காலத்தில், லீவு நாளில் ஆள் இல்லாமல் திரும்பி வருகிற சவாரியென்றால் உன்னையும் ஏற்றிக்கொண்டு போவேன். உனக்கு ஒன்பது வயது இருக்கும், பாபநாசத்துக்கு மேலே அணைக்குப் போகிற மலைப்பாதையில் ஒரு பார்ட்டியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு வளைவில் பின்பக்கம் வழுக்கி வெளியே போனது. நான் பதறவில்லை. ஸ்டியரிங்கை அது போகிற பக்கமே கொஞ்சம் திருப்பிக் கொடுத்து, ஆக்ஸிலேட்டரைப் பைய விட்டேன். வண்டி தானாக நேரே வந்து நின்றது. நீ பயந்து அழுவாய் என்று பார்த்தால், "அப்பா, இன்னொரு தடவ செய்யுங்க" என்றாய். வண்டி என்ன நினைக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்காதே, இடுப்புக்குக் கீழே சீட்டில் கேட்டுக்கொள் என்று அன்றைக்கு உனக்குச் சொன்னேன். பெரிய ரகசியத்தைச் சொல்லிக் கொடுத்த பெருமை எனக்கு. கண்ணால் பார்க்காதே என்று சொல்லியிருக்கிறேன் பார்.

எனக்கு நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது வயதில் இருட்டினால் ரோடு கரைய ஆரம்பித்தது. எதிர் வண்டி லைட் போன பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே தெரியாது. மாலைக்கண் என்று நானே பெயர் வைத்துக்கொண்டு, கேரட்டும் முருங்கைக்கீரையும் தின்றேன். பிறகு யாருக்கும் சொல்லாமல் திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் காட்டினேன். சின்ன வயது டாக்டரம்மா. மருந்து ஊற்றி, இருட்டு அறையில் உட்கார வைத்து, ஒரு கிண்ணத்துக்குள் பார்க்கச் சொல்லி, எங்கே வெளிச்சப் புள்ளி தெரிந்தாலும் பொத்தானை அழுத்தச் சொன்னார். ஓரங்களில் புள்ளியே வரவில்லை என்று நினைத்தேன். வந்துகொண்டேதான் இருந்ததாம். கண்ணுக்குள் இருக்கிற திரை ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கருகி வருகிறது, இதற்கு மருந்து கிடையாது, கண்ணாடி கிடையாது, ஆபரேஷன் கிடையாது, வண்டி ஓட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள் என்றார். இன்னொன்றும் சொன்னார். அதைப் பிறகு எழுதுகிறேன்.

நான் நிறுத்தவில்லை. நீ சொன்ன அதே வார்த்தையைத்தான் நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன், பகலில் மட்டும் ஓட்டுவேன் என்று. ஸ்டாண்டில் எல்லோரிடமும் இனி ராத்திரிச் சவாரி எடுப்பதில்லை, முதுகு வலிக்கிறது என்றேன். நம்பினார்கள். பகலில் நேரே பார்த்தால் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. தூரத்தில் வருகிற பஸ்ஸின் போர்டைக் கூடப் படித்தேன். இப்படித் தெரிகிறவனுக்குக் கண் போகிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை. இந்த நோயில் நம்மை ஏமாற்றுவது இதுதான். ஓரத்தில் கறுப்பாக ஒன்றும் தெரியாது. அங்கே ஒன்றும் இல்லாதது போலவே இருக்கும். தெரியாதது எது என்பதும் தெரியாது. நீயும் இப்போது அப்படித்தான் இருக்கிறாய். உனக்கு எல்லாம் தெரிவதாகத்தான் உனக்குத் தெரியும்.

இசக்கியம்மாளை உனக்கு நினைவிருக்கும். நீ கோயம்புத்தூரில் இரண்டாம் வருஷம் படித்தபோது நடந்தது. அப்பா வண்டியில் ஒரு பொம்பளை வந்து விழுந்துவிட்டாள், அவள் மேல்தான் தப்பு, கேஸ் முடிந்துவிட்டது என்று உனக்குச் சொன்னோம். நடந்ததை இப்போது சொல்கிறேன். இருட்டக் கூட இல்லை, வெயில் அடிக்கிற நாலு மணி. கல்லிடைக்குறிச்சி தாண்டி வீரவநல்லூருக்குப் போகிற ரோடு. இரண்டு பக்கமும் வயல். வண்டியில் ஒரு வயதான புருஷன் பெண்டாட்டி, கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள். நடவு முடிந்து பெண்கள் வரப்பிலிருந்து ரோட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். ஏழெட்டுப் பேராம். எனக்கு ஒருத்தியும் தெரியவில்லை. நான் பார்த்தது காலியான ரோடு. இசக்கியம்மாள் இடது பக்கத்திலிருந்து ரோட்டைக் கடக்கப் பாதி தூரம் வந்திருக்கிறாள். மற்றவர்கள் கத்தியிருக்கிறார்கள். அவள், கார்க்காரர் நம்மைப் பார்த்துவிட்டார், நிறுத்திவிடுவார் என்று நினைத்துக்கொண்டே நடந்திருக்கிறாள். முழு நேரமும் என் இடது ஓரத்தில், வேறு யாருக்கும் தெரிகிற இடத்தில்தான் இருந்திருக்கிறாள். சத்தம் கேட்ட பிறகுதான் நான் பிரேக்கை மிதித்தேன்.

இடுப்பெலும்பும் இடது தொடையும் நொறுங்கிவிட்டன. அதே காரில் பின்சீட்டில் கிடத்தி, வேறு டிரைவர் ஒருவர் ஓட்ட, பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வண்டியில் இருந்த பெரியவர், டிரைவர் மெதுவாகத்தான் போனார், அந்தப் பெண்தான் திடீரென்று வந்தாள் என்று ஸ்டேஷனில் சொன்னார். பொய் சொல்லவில்லை அவர். என்னை மாதிரி நிதானமான டிரைவர் இந்தப் பக்கத்தில் கிடையாது என்று ஸ்டாண்டில் எல்லோரும் வந்து சொன்னார்கள். அதையும் அவர்கள் மனசறிந்துதான் சொன்னார்கள். வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்த காகிதம் என் வீட்டு பீரோவில், துணிக்கு அடியில் இருந்தது. அது அங்கே இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போனேன். காலில் கல் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்தில் அவள் மகள், பள்ளிக்கூடத்து யூனிபாரத்தோடு உட்கார்ந்திருந்தாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன், என்னை நம்பு. வாயெடுப்பதற்குள் இசக்கியம்மாள் கையைக் கூப்பிவிட்டாள்.

"நாந்தான் அண்ணாச்சி பாக்காம வந்துட்டேன். உங்களுக்கு ஸ்டேஷன், கோர்ட்டுன்னு வீண் அலைச்சல். மன்னிச்சிருங்க."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அன்றைக்கு நான் சொன்னது, "பரவால்ல தாயி, ஒடம்பப் பாத்துக்க" என்பது. ஒரு பெண்ணின் இடுப்பை ஒடித்துவிட்டு, அவள் கேட்ட மன்னிப்பையும் கொடுத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அழுகை வரவில்லை. தப்பித்தோம் என்றுதான் இருந்தது. அதையும் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் ஓட்டினேன். இனிமேல் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்டுவேன் என்று ஒரு புதுத் திட்டம் போட்டுக்கொண்டேன். என்னை நிறுத்தியது உன் அம்மா. ஓர் ஆடி அமாவாசைக்கு அவளைப் பாபநாசத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். வழியில் என்ன பார்த்தாளோ, படித்துறையில் குளித்துவிட்டு வந்தவள் ஈரத்தலையோடு சாவியை என் சட்டைப் பையிலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வீட்டுல நான் பக்கத்துல நின்னு காப்பித் தம்ளர நீட்டுனா ஒங்களுக்குத் தெரியல. ஆறு மாசமாப் பாக்கேன். இனிமே ஓட்டுனியன்னா ஸ்டாண்டுல போயி எல்லார்ட்டயும் சொல்லிருவேன்."

கத்தினேன். கோயிலுக்கு முன்னால், கூட்டத்துக்கு நடுவே, கையை ஓங்கக் கூடப் பார்த்தேன். அவள் அசையவில்லை. பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். காரை மறுநாள் ஒருவர் எடுத்துவந்தார். அடுத்த மாதம் விற்றேன். ஊருக்குச் சொல்ல ஒரு காரணம் வேண்டுமே, சுகர் வந்து கண்ணைப் பிடித்துவிட்டது என்றேன். எனக்குச் சுகரே கிடையாது. அம்மாவும் இன்றுவரை சுகர் என்றுதான் நினைத்துக்கொண்டு எனக்குச் சீனி இல்லாத காப்பி கொடுக்கிறாள். பதினைந்து வருஷமாகக் குடிக்கிறேன்.

இப்போது டாக்டரம்மா சொன்ன அந்த இன்னொன்று. "இது குடும்பத்துல வரக்கூடிய நோய். பிள்ளைங்கள ஒரு தடவ கூட்டிட்டு வாங்க" என்றார். கூட்டிக்கொண்டு போகவில்லை. உனக்குப் பதினெட்டு வயது, பரீட்சையில் முதல் மார்க் எடுத்துக்கொண்டிருந்தாய். உனக்கு வராது என்று முடிவு செய்துகொண்டேன். உன் கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோது பூரணியின் அப்பா, கண்ணுக்கு என்ன செய்கிறது சம்பந்தி என்று அக்கறையாகக் கேட்டார். சுகர் என்றேன். நல்ல டாக்டர் ஒருவரின் விலாசம் எழுதிக்கொடுத்தார். அதையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். போன மாதம் நீ போன் செய்து, "பரம்பரையா யாருக்கும் இருக்கான்னு டாக்டர் கேட்டார்ப்பா, எங்க வீட்ல யாருக்கும் இல்ல, அப்பாவுக்குச் சுகர்னாலன்னு சொன்னேன்" என்றாய். அப்போதும் நான் உம் கொட்டினேன். இந்தக் கண் நான் உனக்குக் கொடுத்தது. தெரிந்தே மறைத்து வைத்தது. இதைப் படித்துவிட்டு நீ என்னை எந்த வார்த்தை சொன்னாலும் அது தகும்.

நீ கார் படம் அனுப்பிய பிறகு நான் ஆட்டோ பிடித்து இசக்கியம்மாள் வீட்டுக்குப் போனேன். அவளிடம் சொல்லிவிட்டால் உன்னிடம் சொல்லத் தைரியம் வரும் என்று கணக்குப் போட்டேன். வீட்டில் மகள் மட்டும் இருந்தாள், மாரியம்மாள், அன்றைக்கு யூனிபாரத்தோடு உட்கார்ந்திருந்த பெண். மடியில் தட்டு வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தவள் எழுந்து கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அம்மா எங்கே என்றேன். அவள் போய்ச் சேர்ந்து ஐப்பசியோடு ஒரு வருஷமாகிவிட்டதாம். கம்பு ஊன்றித்தான் நடந்தாளாம், அதற்குப் பிறகு நடவுக்குப் போகவே முடியவில்லையாம். தெருவில் எந்தப் பிள்ளை ரோட்டுக்கு ஓடினாலும் கூப்பிட்டு நிறுத்தி, நான் பாக்காமப் போயித்தான் இப்படிக் கிடக்கேன் என்று காலைக் காட்டுவாளாம். இதை அந்தப் பெண் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். காகிதத்தைக் கூடக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அவள் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை, எங்கே பார்க்கிறாள் என்று தேடிக்கொண்டிருந்தேன். பீடி சுற்றுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. "எங்கம்மைட்ட சொல்லிருக்கலாம்லா" என்றாள். அவ்வளவுதான். பிறகு ஆட்டோ வரை கையைப் பிடித்துக் கொண்டுவந்து ஏற்றிவிட்டாள், படி இருக்கு, பாத்து ஏறுங்க என்றாள். சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்பார்கள். எனக்குக் குறையவில்லை. கேட்க வேண்டியவள் கேட்காமலே போய்விட்டாள், இனி அதை யாரும் சரிசெய்ய முடியாது.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். முதலில், இரண்டு சீட் வண்டியையே வாங்கட்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. பின்சீட் இல்லாவிட்டால் பாப்பாவை ஏற்ற மாட்டாய், ஏதாவது நடந்தாலும் அவள் உள்ளே இருக்க மாட்டாள் என்று ஒரு தகப்பன் போடுகிற கணக்கு. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது, என் வண்டியில் உள்ளே இருந்த யாருக்கும் ஒரு கீறல் கூட விழவில்லை என்று. நானும் அந்தக் கல்யாண வீட்டுக்காரர்களும் சௌக்கியமாக இறங்கினோம். முன்சக்கரம் இழுக்கிறதா, பின்சக்கரம் தள்ளுகிறதா என்பதெல்லாம் உள்ளே உட்கார்ந்திருப்பவன் பேச்சு. வரப்பிலிருந்து ரோட்டுக்கு ஏறுகிறவளுக்கு இரண்டும் ஒன்றுதான். நீ இருக்கிற புனேயில் வயல் இல்லை என்பாய். ரோட்டைக் கடக்கிறவர்கள் இருப்பார்கள்.

அதனால், வாங்கித்தான் தீர வேண்டும் என்றால் அந்தச் சின்னக் காரை வாங்கு. சாவியைப் பூரணியிடம் கொடு, அவள் உன்னைவிட நன்றாக ஓட்டுகிறாள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். பாப்பா பின்னால் உட்காரட்டும். நீ இடது சீட்டில் உட்கார். அது பழகிவிடும் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். எனக்குப் பழகவில்லை. இன்றைக்கும் யார் வண்டியில் போனாலும் வளைவு வரும்போது என் வலது கால் தரையை மிதிக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சீட்டிலிருந்து தெரிகிற ரோடும் சுருங்கும். யாராவது மருந்து கண்டுபிடித்துவிடுவார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அந்த டாக்டரம்மா அன்றைக்கே சொன்னார், பத்து வருஷத்தில் ஏதாவது வரலாம் என்று. அதையும் தாண்டி வெகு காலம் ஆகிவிட்டது.

இதைப் படித்துவிட்டு நீ ஓட்டுவதை நிறுத்துவாய் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஒரு பெண்ணை இடித்த பிறகும் நிறுத்தாதவன் நான். கடிதம் படித்து நீ நிறுத்துவாய் என்று எப்படி எதிர்பார்ப்பேன்? பூரணியிடம் கண் விஷயத்தைச் சொல்லிவிட்டாயா என்று கேட்டபோது, நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்றாய். அந்த நேரம் வராது மகனே. எனக்கு அது ஆஸ்பத்திரியில் ஒரு தடவை, உன் கல்யாணப் பேச்சில் ஒரு தடவை வந்தது, இரண்டு தடவையும் நான் விட்டுவிட்டேன்.

ஆகவே இந்தக் கடிதத்தை ஜெராக்ஸ் எடுக்கச் சொல்லி அம்மாவை அனுப்பப் போகிறேன். அனுப்புவதற்கு முன்னால் அவளுக்கும் இதை முழுக்கப் படித்துக் காட்ட வேண்டும். இரண்டு உறைகளிலும் முகவரி எழுதிவிட்டேன். உன்னுடையது ஆபீஸுக்கு வரும். மற்றது வீட்டுக்கு, பூரணி பெயருக்கு. இதற்காக நீ என்னோடு பேசாமல் போகலாம். அவள் என்னையும் உன்னையும் சேர்த்தே வெறுக்கலாம், அவள் அப்பா என்ன சொல்வார் என்று நினைத்தாலே உடம்பு கூசுகிறது. ஆனால் பாப்பாவை அவள் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவாள். நல்ல செய்தி வரும் என்று நான் நினைக்கவில்லை. எதுவானாலும், பாப்பாவுக்கு டாக்டர் கொடுக்கிற காகிதம் துணிக்கு அடியில் கிடக்காது.

உன் அப்பா